கைப்பிடியும் கயிறும்: மதுரை வட்டாரத்தில் தாலியின் வரலாறு

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில், நாயக்கர் காலத்தில் எழுந்து 19ஆம் நூற்றாண்டில் நகரத்தாரின் திருப்பணியால் புதுப்பொலிவு பெற்ற தூண்களில், நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. நடுவில் நாணித் தலை தாழ்த்தி நிற்கும் மீனாட்சியின் வலக்கை சுந்தரேசுவரரின் கையில் இருக்க, மணமகளின் தமையனாகிய திருமால் அருகில் நின்று நீர் வார்த்து அவளைத் தாரை வார்க்கிறார். தாரை வார்த்தல் என்பது ஒரு பொருளை இனித் தனக்குரியதன்று என்று நீர் ஊற்றி ஒப்படைக்கும் சடங்கு. அச்சிற்பத்தில் திருமணத்தை நிறைவேற்றுவது கைகளும் நீருமே. ஆயினும் அதே கோயிலில், சித்திரைத் திருவிழாவின் 10ஆம் நாளன்று, வடக்காடி வீதியும் மேலாடி வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள திருக்கல்யாண மண்டபத்தில் கூடும் பெருங்கூட்டம் எதிர்நோக்கிக் காத்திருப்பது அம்மனின் கழுத்தில் பட்டர் மங்கல நாண் பூட்டும் அந்த ஒரு கணத்திற்காகவே. கல்லில் கைப்பிடியாகவும் விழாவில் கயிறாகவும் ஒரே திருமணம் இருவேறு அடையாளங்களைத் தாங்கி நிற்பது தற்செயலானதன்று. தமிழ்நாட்டில் மணப்பிணைப்பின் அடையாளம் கடந்துவந்த நெடும்பாதையின் இரண்டு கட்டங்களை ஒரே மதிலுக்குள் காட்டும் சான்று அது. பேச்சுத் தமிழும் இரண்டையும் கைவிடவில்லை. கணவனைக் ‘கைப்பிடித்தவன்’ என்றும் ‘தாலி கட்டியவன்’ என்றும் இன்றும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

‘தாலி’ என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. ஆனால் அது அங்கே திருமணத்துக்கு உரியதன்று. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் வரும் புலிப்பல் தாலி, புலியின் பல்லைக் கோத்துக் குழந்தைகளின் கழுத்தில் கட்டிய காப்பணி. திருமாலின் படைக்கலங்களாகிய சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தின் உருவங்களைக் கோத்த ஐம்படைத் தாலியும் பிள்ளைகள் அணிந்ததே. இதற்கு மிகச் சிறந்த சான்று மதுரையை ஆண்ட ஒருவனைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களத்துக்குப் புறப்பட்டபோது எவ்வளவு இளையவனாக இருந்தான் என்று வியக்கும் இடைக்குன்றூர் கிழார், காலில் சதங்கையைக் கழற்றிவிட்டுக் கழலை அணிந்த அச்சிறுவன் கழுத்துத் தாலியை இன்னும் கழற்றவில்லை என்று புறநானூற்றின் 77ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். ஆகவே மதுரையின் பழம்பாடலில் கழுத்தில் தாலியோடு நிற்பவன் ஓர் ஆண்மகன். அவன் அணிந்திருப்பது பேய்க்கும் பகைக்கும் எதிரான காவல். தாலியைக் களைவது அங்கே இழப்பைக் குறிக்கவில்லை. பிள்ளைப் பருவம் முடிந்து வளர்ந்துவிட்டதைக் குறித்தது. சொல் ஒன்றே. பிற்காலத்தில் அதைக் களைதல் என்பதன் பொருள் எவ்வளவு கொடிதாக மாறியது என்பதைப் பின்னர்க் காணலாம்.

சங்ககாலத் திருமணங்களை நேரில் பார்த்ததுபோல் விவரிப்பவை அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்கள். உழுந்து சேர்ந்த பொங்கல், புதுமணல் பரப்பிய பந்தல், திங்களும் உரோகிணியும் கூடும் நல்வேளை, பிள்ளை பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துதல் என அத்தனை நுணுக்கங்களும் அங்கே இடம்பெற, தாலி கட்டுவது மட்டும் இடம்பெறவில்லை. 136ஆம் பாடலில் வாகை இலையோடும் அறுகம்புல்லோடும் சேர்த்துக் கூறப்படும் வெண்ணூலைத் தாலியின் முன்னோடி என்று கொள்வாரும் உண்டு. வெறும் காப்பு நூல் என்று மறுப்பாரும் உண்டு. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் திருமணத்தில் சொல்லப்படும் மங்கல அணி தாலிதானா என்பதிலும் இதே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் அதே காப்பியத்தின் மதுரைக் காண்டத்தில், கணவனை இழந்து நகரை எரித்து வெளியேறும் கண்ணகி, கொற்றவை கோயில் வாயிலில் உடைத்தெறிவது தன் கைவளைகளையே. கழுத்திலிருந்து எதையும் அவள் அறுப்பதாக இளங்கோ பாடவில்லை. அக்காலத்து மதுரையில் தாலியே மனைவியின் முதன்மை அடையாளமாக இருந்திருக்குமானால், காப்பியத்தின் உச்சமான அந்தக் கணத்தில் அது பாடாமல் விடப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம்.

மதுரைக்குத் தென்மேற்கே திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் தன் கனவுத் திருமணத்தைப் படிப்படியாகச் சொல்லும்போதும் கூறையுடுத்தல், மாலை சூட்டுதல், கையில் காப்பு நாண் கட்டுதல், கைப்பிடித்துத் தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என எல்லாம் வருகின்றன. கழுத்தில் தாலி ஏறுவது வரவில்லை. நாண் இருக்கிறது, ஆனால் அது மணிக்கட்டில் இருக்கிறது.

1950களில் தமிழறிஞர்களிடையே இதைப் பற்றி ஒரு பெரும் விவாதமே எழுந்தது. தாலி தமிழரின் தொன்மையான வழக்கமே என்று ம.பொ. சிவஞானம் வாதிட, பழந்தமிழரிடம் மங்கலத் தாலி கிடையாது என்று மா. இராசமாணிக்கனார் மறுத்தார். பின்னாளில் தொ. பரமசிவன் இவ்விவாதத்தை நினைவூட்டித் தாலியின் வரலாற்றைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். இலக்கியச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் எவரும் இராசமாணிக்கனாரின் பக்கமே சாய நேரும். ஏனெனில் மனைவியின் கழுத்தணியாகிய தாலி ஐயத்துக்கு இடமின்றித் தோன்றுவது மிகவும் பிற்பட்ட காலத்து நூல்களில்தான்.

அவற்றுள் ஒன்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக்கலய நாயனார், கோயிலில் குங்கிலியப் புகையிடும் தொண்டுக்காகச் செல்வம் அனைத்தையும் இழந்து, மக்களும் சுற்றமும் பசியால் வாடும் நிலைக்கு வந்தபோது, அவருடைய மனைவியார் தம் மங்கலத் தாலியைக் கழற்றி, இதைக் கொடுத்து நெல் வாங்கி வாருங்கள் என்று கணவரின் கையில் கொடுக்கிறார். வழியில் குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனைக் கண்ட நாயனார், நெல்லை மறந்து தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிவிடுகிறார். இக்கதையின் பக்திச் சுவையைப் போற்றுவோர் அதில் பொதிந்த சமூகச் செய்தியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டில் மனைவியின் கழுத்தில் மங்கலத்துக்குரிய பொன் தாலி இருந்தது என்பது ஒன்று. பசித்த வேளையில் கணவன் உயிரோடிருக்கும்போதே அதைக் கழற்றி விற்பது தீய நிமித்தமாகக் கருதப்படவில்லை என்பது மற்றொன்று. வீட்டில் எஞ்சியிருக்கும் கடைசிப் பொன் தாலியே என்ற கசப்பான உண்மையும், அதைக் கொடுக்க வேண்டியவள் பெண்ணே என்ற எதிர்பார்ப்பும் அப்போதே வேரூன்றிவிட்டன.

பொன்னைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. மதுரை வட்டாரத்தில் தாலியின் உயிர் பொன்னில் இல்லை. கயிற்றிலும் முடிச்சிலுமே இருக்கிறது. பொன் இல்லாதவர்கள் ஒரு விரலி மஞ்சளைக் கயிற்றில் கோத்துக் கட்டினாலும் திருமணம் திருமணமே என்பது இன்றும் ஊர்ப்புறத்தில் யாரும் மறுக்காத வழக்கு. வெள்ளைப் பருத்தி நூலைப் பல இழைகளாகச் சேர்த்து முறுக்கி, மஞ்சளில் தோய்த்து உலர்த்தியதே தாலிக்கயிறு. குளிக்கும்போதெல்லாம் மஞ்சள் பூசப்பட்டு, வியர்வையும் சோப்பும் பட்டு, ஓராண்டுக்குள் அது நைந்துவிடும். அதில் தாலியோடு குண்டு, காசு, பவளம், நாணல் எனப்படும் சிறு பொற்குழல் ஆகியவை கோக்கப்பட்டிருக்கும். அவற்றோடு இரண்டு மூன்று ஊக்குகளும் தொங்கும். சேலை மடிப்பைக் குத்திக்கொள்ளவும், குழந்தையின் காலில் குத்திய முள்ளை எடுக்கவும் உதவும் அந்த இரும்பு ஊக்குகளைப் பற்றி எந்தச் சாத்திர நூலும் பேசுவதில்லை. ஆனால் தாலியை அணிபவர்களின் அன்றாடத்தை அவற்றைவிட உண்மையாகச் சொல்லும் பொருள் வேறில்லை. பிற்காலத்தில் வசதி பெற்ற குடும்பங்களில் தாலிக்கொடி என்னும் பொற்சங்கிலி கயிற்றின் இடத்தைப் பிடித்தபோதும், திருமண மேடையில் முதலில் ஏறுவது மஞ்சள் கயிறாகவே இருந்துவருகிறது.

பொன்னால் தாலி செய்வதற்கும் ஒரு சடங்கு உண்டு. நல்ல நாளில் ஆசாரியின் பட்டறையிலோ மணவீட்டிலோ உமியடுப்பு மூட்டி, வீட்டாரும் உறவினரும் பார்த்திருக்க, மூசை எனப்படும் மண்குகையில் சிறிது பொன்னை இட்டு, ஊதுகுழலால் ஊதி உருக்குவதைப் பொன்னுருக்குதல் என்பர். மதுரையில் தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்குப் பின்னால், சந்துகளில் இருந்த பட்டறைகளில் அச்சில் அடித்தும் கையால் தட்டியும் தாலிகள் உருவாயின. எந்தக் குடும்பத்துக்கு எந்த வடிவம் என்பதை ஆசாரி கேட்காமலே அறிந்திருப்பார். பொட்டுத் தாலி, சிறுதாலி, பெருந்தாலி, பஞ்சாரத் தாலி என வடிவங்கள் சாதிக்கும் குலத்துக்கும் ஏற்ப வேறுபட்டன. ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்தே அவள் இன்னாருடைய மனைவி என்பதற்கு முன்னால் இன்ன சாதியினள் என்று படித்துவிட முடிந்தது என்பதும் இந்த அணியின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு ஆணை 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தபோது, நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் தள்ளப்பட்டன. நூற்றாண்டுகளாகப் பிறர் வீட்டுத் திருமணங்களுக்குப் பொன்னுருக்கிய கைகள் வேறு வேலை தேடி அலைந்த காலம் அது.

மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டில் தாலி வேறோர் எல்லையைத் தொட்டது. நகரத்தாரின் கழுத்துரு, முப்பதுக்கும் மேற்பட்ட பொன்னுருப்படிகளை மஞ்சள் பூசிய பல இழை நூலில் இரண்டு வரிசையாகக் கோத்து மார்பை மறைக்கும் அளவுக்கு அமைந்த பேரணி. அதைத் திருமணத்தன்றும், கணவனின் அறுபதாம் ஆண்டு நிறைவு விழாவிலும் அணிந்து, மற்ற நாள்களில் பெட்டகத்தில் வைத்துவிடுவர். அவ்வளவு பொன்னையும் தாங்குவது அங்கும் நூலே.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் நாட்டின் பழைய திருமண முறை, தாலி என்ற ஒரே அச்சுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது என்பதற்கு வலுவான சான்று. 1868இல் வெளியான நெல்சனின் மதுரை நாட்டு நூல், 1909இல் வெளியான தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகள் போன்ற காலனியக் காலப் பதிவுகளின்படி, மணமகனின் சகோதரி பெண்வீட்டுக்குச் சென்று, 21 பணமும் ஒரு துணியும் கொடுத்து, மணமகளின் கழுத்தில் குதிரை மயிரைக் கட்டி அவளை அழைத்து வருவாள். பின்னர், எறிந்தால் வளைந்து செல்லும் படைக்கருவியாகிய வளரியை இரு தரப்பினரும் மாற்றிக்கொள்வர். பெண்ணுக்குத் தாய்வீட்டார் ஒரு மரக்கால் அரிசியும் ஒரு கோழியும் கொடுத்து அனுப்புவர். இதை எழுதிய அதிகாரிகளின் கண்ணோட்டம் நடுநிலையானதன்று. இதே மக்களைக் குற்றப் பரம்பரையினர் என்று சட்டத்தால் முத்திரை குத்திய அரசின் ஊழியர்கள் அவர்கள். ஆயினும் அவர்களின் குறிப்பில் எஞ்சியிருக்கும் செய்தி விலைமதிப்பற்றது. பிணைப்பின் அடையாளத்தைக் கட்டுபவள் அங்கே ஒரு பெண். மாற்றிக்கொள்ளப்படும் பொருள் இரு குடும்பங்களின் ஆயுதம். மணமகன் முதல் முடிச்சைப் போட, எஞ்சிய இரண்டு முடிச்சுகளை அவனுடைய சகோதரி போடும் ‘நாத்தனார் முடிச்சு’ இன்று தமிழகமெங்கும் பல சமூகங்களிலும் காணப்படுகிறது. குதிரை மயிரைக் கட்டிய அந்தச் சகோதரியின் கையும் இன்றைய நாத்தனாரின் கையும் ஒரே பழைய உரிமையின் தொடர்ச்சியாக இருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு.

இதே மதுரை, ஐரோப்பா வரை எட்டிய ஒரு தாலிச் சர்ச்சைக்கும் களமாக அமைந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, நாட்டு உடையும் உணவும் மொழியும் கிறித்தவத்துக்குப் பகையல்ல என்ற கொள்கையோடு மதுரை மறைபரப்புப் பணியைத் தொடங்கினார். அவர் வழிவந்தவர்களின் சபையில் மணமகளுக்குத் தாலி கட்டும் வழக்கம் தொடர்ந்தது. போப்பாண்டவரின் தூதராக வந்த துர்னோன், 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறித்தவப் பெண்கள் அணியக் கூடாது என்றும், அதற்கு மாறாகச் சிலுவையோ இயேசு, மரியாள் ஆகியோரின் உருவமோ பொறித்ததை அணியலாம் என்றும் விதித்தார். 108 இழைகளால் ஆன மஞ்சள் கயிறும் அவ்வாணையில் தடுக்கப்பட்டது. தாலியையே ஒழிக்க அவர் முயலவில்லை என்பது கூர்ந்து நோக்கத் தக்கது. உருவம் மாறியது, இழைகளின் எண்ணிக்கை மாறியது. கழுத்தில் கட்டுவது நிலைத்தது. இன்று மதுரைக் கிறித்தவக் குடும்பங்களின் தாலியில் சிலுவையும் புறாவும் இருக்க, முசுலிம் குடும்பங்களில் கருகமணி அவ்விடத்தை நிரப்புகிறது.

தாலி மனிதர்களுக்கிடையிலான பிணைப்பை மட்டும் குறிக்கவில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்கு இறைவன் பெயரால் கட்டப்பட்டது பொட்டு. அச்சடங்கு பொட்டுக்கட்டுதல் எனப்பட்டது. கணவனாகிய தெய்வத்துக்கு இறப்பில்லை என்பதால் அவள் நித்திய சுமங்கலி, அதாவது என்றும் மங்கலம் குன்றாதவள் எனப்பட்டாள். அந்த அழகிய சொல்லுக்குப் பின்னால், மறுக்கத் தெரியாத வயதில் பிறர் தீர்மானித்த வாழ்க்கை ஒன்று இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும், தாமே அச்சமூகத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைகளிலும், 1936இல் வெளியான தம் ‘தாசிகள் மோசவலை’ நாவலிலும் நடத்திய நெடும்போராட்டத்தின் பயனாக, 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடை செய்தது.

சாகாத கணவனுக்குக் கட்டப்பட்ட பொட்டுக்கு எதிர்முனையில் நிற்பது தாலியறுப்பு. கணவன் இறந்தபின் குறித்த நாளில் கைம்பெண்கள் சூழ நின்று தாலியை அறுத்து அல்லது கழற்றிப் பாலில் இடும் வழக்கம் மதுரைச் சிற்றூர்களில் இன்னும் மறையவில்லை. பூவும் பொட்டும் வளையும் அன்றே பறிக்கப்பட, ‘அறுதலி’ என்ற சொல் ஒரு பெண்ணின் பெயராகவும் வசையாகவும் ஒட்டிக்கொண்டது. நெடுஞ்செழியன் களைந்த தாலி அவனை ஆளாக்கியது. இவள் கழுத்திலிருந்து களையப்பட்டது இவளை மங்கல வாசல்களிலிருந்து விலக்கியது. இக்கொடுமை எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. பழைய தாலி நீங்கியபின் வேறொருவரோடு மறுமணம் செய்யும் ‘அறுத்துக் கட்டுதல்’ உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் இயல்பான வழக்கமாக இருந்தது. ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தும் பெற்றும் மணமுறிவை முடித்துக்கொள்ளும் முறையும் கள்ளர் நாட்டில் பதிவாகியிருக்கிறது. ஆனால் மேல்நிலையை நாடிய சாதிகள், தாம் அறுத்துக் கட்டாதவர்கள் என்று சொல்லிக்கொள்வதையே பெருமையாக்கிக்கொண்டன. பெண்களின் வாழ்நாள் தனிமை சாதியின் தகுதிச் சான்றாயிற்று. தாலியின் வரலாற்றில் இதைவிட இருண்ட பக்கம் இல்லை.

இதற்கு எதிரான குரலும் மதுரைக்கு அருகிலேயே செயல்வடிவம் பெற்றது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய புரோகிதரில்லாத் திருமணம், சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. அவ்வகைத் திருமணங்கள் சிலவற்றில் தாலி இருந்தது, பலவற்றில் மாலை மாற்றுதலே போதுமானதாயிற்று. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாது என்று தீர்ப்பளித்தபின், பல்லாயிரம் குடும்பங்களின் நிலை கேள்விக்குள்ளாகியது. அண்ணாதுரையின் அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அப்பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது: இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகப் புரியும் மொழியில் அறிவித்தல்; ஒருவருக்கொருவர் மாலையோ மோதிரமோ அணிவித்தல்; தாலி கட்டுதல். முதல் இரண்டிலும் இருவரும் செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதிய சட்டம், மூன்றாவதில் யார் யாருக்குக் கட்டுவது என்று ஏதும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று சட்டம் எழுதியவர்கள் கருதியிருக்க வேண்டும்.

அரசே தாலிக்குப் பொன் கொடுத்த காலமும் வந்தது. 1989இல் தொடங்கப்பட்ட ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவித் திட்டத்தில் 2011 முதல் 4 கிராம் தங்கமும், 2016 முதல் 8 கிராம் தங்கமும் சேர்க்கப்பட்டன. அத்திட்டம் தாங்கியிருந்த பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. பொட்டுக்கட்டுதலை ஒழிக்கப் போராடியவரின் பெயரால் தாலிக்குப் பொன் வழங்கப்பட்டது. 2022இல் அது கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கான ‘புதுமைப் பெண்’ உதவித்தொகையாக மாற்றப்பட்டது. அம்மையாரின் வாழ்க்கைக்கு இம்மாற்றமே கூடுதலாகப் பொருந்துகிறது.

மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பர். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்து சேர, மாலைகள் மாற்றப்பட்டு, அம்மன் கழுத்தில் மங்கல நாண் ஏறும் வேளையில், ஆடி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் நிற்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். பொற்கொடி அணிந்தவர்களும் அன்று ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்கிறார்கள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால் புதிய கயிறு ஏறியபின்பே பழையது இறங்குகிறது. சேதுபதி பள்ளியில் நடக்கும் கல்யாண விருந்தில் சாப்பிட்டு, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு எழுதுவதுபோலவே மொய்யும் எழுதிவிட்டு வீடு திரும்பியபின், நைந்த பழைய கயிற்றிலிருந்து தாலியும் குண்டும் காசும் ஒவ்வொன்றாக உருவப்பட்டுப் புதிய கயிற்றில் கோக்கப்படுகின்றன. கடைசியாக அந்த ஊக்குகளும் இடம் மாறுகின்றன.